உங்கள் படங்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன?

தீபாவளிக்கு உறவினர் வீடுகளுக்குப் போனால் எல்லாருக்கும் முறுக்கு கிடைக்கும். எனக்கு முறுக்கோடு ஒரு லேப்டாப்பும் கிடைக்கும். "தம்பி, ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பாரேன்." குடும்பத்தில் ஒருவனுக்குக் கணினி தெரியும் என்று பேர் வந்துவிட்டால் அப்படித்தான். போன தீபாவளிக்குச் செங்காங்கில் இருக்கும் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, கையில் கொடுத்தது லேப்டாப் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. வெளியிலிருந்து செருகுகிற ஹார்டு டிஸ்க்.

"செருகினா டிக் டிக்குனு சத்தம் வருது தம்பி. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தெரியல."

"முதல்ல கழட்டிடுங்கக்கா. இனிமே செருகவே செருகாதீங்க. இதுல என்ன இருக்கு?"

"எல்லாந்தான். கல்யாணப் படம், பசங்க பொறந்ததுலேருந்து எடுத்த படம், அப்பாவோட கடைசிப் பிறந்தநாள் வீடியோ."

"லேப்டாப்புலயும் இருக்குல்ல?"

"இடம் இல்லைன்னு அதுலேருந்து அழிச்சுட்டேன். அதான் பேக்கப் எடுத்து வெச்சிருக்கேனே!"

அக்கா எடுத்து வைத்தது பேக்கப் இல்லை. படங்களை வீடு மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். முன்பு லேப்டாப்பில் ஒரே ஒரு பிரதி இருந்தது. பிறகு பெட்டியில் ஒரே ஒரு பிரதி இருந்தது. பேக்கப் என்றால் அசல் ஓரிடத்தில் இருக்க, அதே ஃபைல் வேறோர் இடத்திலும் இருப்பது. பெட்டியின் மேல் மார்க்கரால் 'பேக்கப்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் சரி, அந்தப் படம் அதில் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதுதான் அசல். நான் பார்த்தவரை பத்து வீட்டில் ஏழெட்டு வீட்டில் நிலைமை இதுதான். அதனால் யாராவது 'பேக்கப் இருக்கிறது' என்று சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: இப்போது, இந்த நிமிடம், அந்தப் படம் எத்தனை இடத்தில் இருக்கிறது?

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

என் அத்தை 1980களில் ஆங் மோ கியோவில் ஹார்டு டிஸ்க் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். சீகேட் நிறுவனம் 1982இல் இங்கே வந்தது, பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகிலேயே அதிகமாக ஹார்டு டிஸ்க் செய்கிற இடமாகச் சிங்கப்பூர் ஆகிவிட்டது. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் பலருடைய வீட்டில் அம்மாவோ சித்தியோ ஷிஃப்ட் பார்த்த வேலை அது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கண் மட்டும் தெரிய, மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பார்களாம். "முகத்துக்குப் பவுடர் போடக்கூடாது, கண்ணுக்கு மை வைக்கக்கூடாது. ஒரு தூசி விழுந்தா போச்சுன்னு சூப்பர்வைசர் கத்துவாரு" என்று அத்தை இன்றும் சொல்வார்.

சூப்பர்வைசர் கத்தியதில் நியாயம் இருந்தது. டிஸ்க்குக்குள் இருப்பவை மினுமினுக்கும் வட்டத் தட்டுகள். கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ செய்து, மேலே மெல்லிய காந்தப் பூச்சு பூசியிருப்பார்கள். நம் படமும் பாட்டும் வரிக்கணக்கும் அந்தப் பூச்சில் நுண்ணிய காந்தப் புள்ளிகளாகப் பதிகின்றன. கைக்கு அடக்கமான பெட்டிகளில் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் தட்டின் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பிஐஇ விரைவுச்சாலையில் போகிற பேருந்தின் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தட்டின் மேல், காற்றையே மெத்தையாக வைத்துக்கொண்டு, 'ஹெட்' என்கிற படிக்கும் முனை மிதக்கிறது. எவ்வளவு உயரத்தில்? சில நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த இடைவெளியில் ஒரு தூசி புகுந்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தாலோ, முனை தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் பூச்சு போய்விடும், பூச்சோடு படமும் போய்விடும். அக்கா கேட்ட 'டிக் டிக்' என்பது, முனை தன் தடத்தைத் தேடி, கிடைக்காமல் ஒதுங்குமிடத்துக்குத் திரும்பி, மறுபடி தேடப் புறப்படுகிற சத்தம். ஒவ்வொரு முறை செருகும்போதும் அது தட்டை இன்னும் கொஞ்சம் கீறலாம். அதனால்தான் கழட்டச் சொன்னேன்.

"இப்பல்லாம் எஸ்எஸ்டிதானே, அதில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லையே" என்பீர்கள். உண்மைதான். எஸ்எஸ்டி என்பது சிப்புகளில் சேமிக்கிற டிஸ்க், அதில் அசையும் பாகமே கிடையாது. கீழே விழுந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வேறு விதமான சாவு. தகவல் நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாக இருக்கிறது, எழுத எழுத அந்த அறைகள் தேயும். தேய்வதைக்கூட விடுங்கள், வீட்டுப் பயன்பாட்டில் அது மெதுவாகத்தான் நடக்கும். எல்லாவற்றையும் மேய்க்கிற கட்டுப்பாட்டுச் சிப் ஒருநாள் படுத்துவிட்டால் சத்தம், தடுமாற்றம் எதுவும் இருக்காது. நேற்று இருந்தது, இன்று கணினிக்கு அப்படி ஒரு பொருளே தெரியாது. இன்னொன்று: மின்சாரமே படாமல் பல வருடம் அலமாரியில் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்ல வடியும். தம்ப் டிரைவுக்கும் இது பொருந்தும். அதனால் எடுத்து வைத்து மறந்துவிடப் போகிறோம் என்றால் எஸ்எஸ்டியைவிடப் பழைய சுற்றுகிற டிஸ்க்கே மேல் என்பது என் கட்சி. அதையும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை செருகி ஓடவிட வேண்டும்.

புது லேப்டாப் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2020 முதல் ஆப்பிளின் சொந்தச் சிப்போடு வருகிற மேக்புக்குகளில் சேமிப்புச் சிப்புகள் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதிலுள்ள தகவலும் அந்த இயந்திரத்துக்கு மட்டும் புரியும்படி பூட்டப்பட்டிருக்கும். போர்டில் காபி கொட்டினால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்க்கிற பழைய வித்தை நடக்காது. விண்டோஸ் லேப்டாப்புகளிலும் இப்போது பல, உங்களிடம் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கின்றன. அந்தப் பூட்டுக்கு 48 இலக்கச் சாவி ஒன்று உண்டு, பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தேடி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டித் தெரியாதா?

ஓரளவுக்குத் தெரியும். டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துக்கொள்ளும். அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அந்தக் குறிப்புகளைப் படித்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டும். மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியில் பார்க்கலாம். மஞ்சள் வந்தால் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே வேறு டிஸ்க் வாங்கப் போங்கள்.

ஆனால் நீலமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. கூகள் ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் 36 விழுக்காட்டுக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன. இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தவர் காலையில் எழவில்லை என்பது மாதிரி.

சரி, எவ்வளவு அடிக்கடி சாகும்? பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் 2013 முதல் தன்னிடமுள்ள டிஸ்க்குகளின் சாவுக் கணக்கை வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் இருக்கிறது. குறைவு மாதிரி தெரியும். அவை குளிரூட்டிய அறையில், அசையாத அடுக்கில், பராமரிப்பில் இருக்கிற டிஸ்க்குகள். அக்காவின் டிஸ்க் கைப்பையில் தண்ணீர் போத்தலோடு சேர்ந்து எம்ஆர்டியில் போய் வந்தது.

ஆனாலும் அந்த ஒன்றரையை வைத்தே ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் போவதற்கு நூற்றில் ஒன்றரை வாய்ப்பு என்றால், தனித்தனியாக இருக்கிற இரண்டு டிஸ்க்கும் அதே வருடத்தில் போவதற்குப் பத்தாயிரத்தில் இரண்டுதான். இரண்டாவது பிரதி ஒன்று சேர்ந்ததுமே ஆபத்து இவ்வளவு இறங்கிவிடுகிறது. 'தனித்தனியாக' என்பதுதான் இதில் முக்கியம். ஒரே பையில், ஒரே வீட்டில், ஒரே மின் பலகையில் செருகியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

மூன்று, இரண்டு, ஒன்று

அமெரிக்க ஒளிப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய ஒரு விதி இந்தத் துறையில் எல்லாருக்கும் மனப்பாடம்: 3-2-1. மூன்று பிரதிகள். அவை இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில். அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்று என்றதும் மலைக்க வேண்டாம். லேப்டாப்பில் இருப்பது முதலாவது. வீட்டில் ஒரு வெளி டிஸ்க் இரண்டாவது. வேறோர் இடத்தில் இருப்பது மூன்றாவது.

முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். 'நம்ம ஊர்ல நிலநடுக்கமா, புயலா' என்று கேட்பார்கள். மின்ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பிடித்து வீவக அடுக்குமாடி வீடு கரியான செய்தியை நாம் பார்க்காமல் இல்லை. தீ வேண்டாம், மேல்வீட்டுக் குழாய் ஒழுகினாலே போதும். லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்து நனையும். டிஸ்க்கை வீட்டுக்குள்ளேயே இருக்கிற பாம் ஷெல்டர் அறையில் வைத்திருக்கிறேன் என்று ஒரு நண்பர் பெருமையாகச் சொன்னார். இரும்புக் கதவு, கான்கிரீட் சுவர், நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே பழைய செருப்பும் மாவு டின்னுமாக அடைத்து, காற்றோட்டமே இல்லாமல், நம் ஊர் ஈரப்பதத்தில் அங்கே கேமரா லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கும்.

வீட்டுக்கு வெளியே என்றால் எங்கே? இது கிழக்கிலிருந்து மேற்காக ஐம்பது கிலோமீட்டர் அளவே உள்ள தீவு. நீங்கள் ஜூரோங்கில் இருந்து அம்மா ஈசூனில் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு, அங்கிருந்த பழையதை எடுத்து வந்து புதுப்படங்களைச் சேர்த்து, அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். அம்மா வீட்டில் இல்லையென்றால் அலுவலக இழுப்பறை. டிஸ்க் தொலைந்தாலும் யாரும் பார்க்காதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைப்பது நல்லது. அடையாள அட்டை நகலும் வரிப் படிவமும் அதில்தானே இருக்கும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. இணையச் சந்தையில் 16 டெராபைட் எஸ்எஸ்டி முப்பது வெள்ளி என்று விளம்பரம் வரும். உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டு. 16 இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். இடம் தீர்ந்ததும் முதலில் போட்ட படங்களின் மேலேயே புதியவற்றை எழுதும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. டிஸ்க் வாங்கச் சிம் லிம் ஸ்கொயர் வரை நடப்பதில் தப்பில்லை. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளவுட் இருக்கே?

இருக்கிறது, மூன்றாவது பிரதிக்கு அது நல்ல இடமும்கூட. ஆனால் இரண்டு விஷயங்களில் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலாவது, இடம். கூகள் ஃபோட்டோஸ் ஒருகாலத்தில் அளவில்லாமல் இலவசமாக வாங்கிக்கொண்டது. 2021 ஜூன் 1 முதல் அது நின்று, ஏற்றுகிற படங்கள் 15 ஜிபி இலவசக் கணக்கில் கழிகின்றன. ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். 'இடம் நிறைந்துவிட்டது' என்ற அறிவிப்பை மாதக்கணக்கில் விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே, படங்கள் மேலே போய்க்கொண்டிருப்பதாக நம்புகிறவர்கள் என் வீட்டிலேயே உண்டு.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. ஐகிளவுட் ஃபோட்டோஸ் உங்கள் ஃபோனின் கண்ணாடி மாதிரி. ஃபோனில் அழித்தால் மேலேயும் அழியும். முப்பது நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், பிறகு போய்விடும். கூகள் டிரைவ் ஃபோல்டரும் அப்படியே. கண்ணாடியில் தெரிகிற உருவத்தை இரண்டாவது ஆள் என்று எண்ணக்கூடாது. வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கிற, ஒன்றில் இருப்பதை மற்றதிலும் எழுதுகிற இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் என்ற சேமிப்புப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும், ஆனால் நீங்கள் தவறி அழித்ததை இரண்டும் ஒரே நொடியில் அழிக்கும்.

டிஸ்க் நன்றாக இருக்கும்போதே எல்லாம் போகும் என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி, மாணவர்களின் கருவிகளை நிர்வகிக்கிற செயலி ஒன்றில் யாரோ ஊடுருவி, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் ஐபேட், குரோம்புக்குகளைத் தொலைவிலிருந்தே துடைத்துவிட்டார்கள். கருவிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. குறிப்புகளைக் கருவியில் மட்டும் வைத்திருந்த பிள்ளைகள் தேர்வுக் காலத்தில் வெறுங்கையோடு நின்றார்கள். கிளவுடில் ஏற்றியிருந்தவர்களோ எடுத்துக்கொண்டார்கள்.

பிணைத்தொகை கேட்கும் நச்சு நிரல்களும் அப்படித்தான். கணினியோடு எது செருகியிருக்கிறதோ அதையெல்லாம் சேர்த்துப் பூட்டும். ஆகவே வேலை முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

எப்படிச் செய்வது

'மாதம் ஒருமுறை நானே காப்பி பண்ணிக்கொள்கிறேன்' என்பவர்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து. கணினியே செய்யட்டும். மேக்கில் டைம் மெஷின் இருக்கிறது. டிஸ்க்கைச் செருகி 'இதைப் பயன்படுத்து' என்று சொன்னால் போதும். டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கொரு தடவை மாற்றங்களை எடுத்து, பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். விண்டோஸில் கண்ட்ரோல் பேனலுக்குள் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பார்கள், தேடினால் கிடைக்கும். வாரம் ஒரு நாள், துணி துவைக்கப் போடுகிற நேரத்தில் டிஸ்க்கைச் செருகிவிட்டு, காயப்போட்டு வந்ததும் கழற்றுவது என் வழக்கம்.

இதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் ஃபைல் ஹிஸ்டரி ஒழுங்காக ஓடியது. பச்சை டிக் வந்தது. அப்புறம் லேப்டாப்பின் டிஸ்க் போனது. நான் பதறவே இல்லை, கொஞ்சம் மிடுக்காகக்கூட இருந்தேன். திறந்து பார்த்தால் டாக்குமெண்ட்ஸ் இருக்கிறது, டெஸ்க்டாப் இருக்கிறது, மகள் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த வருடத்தின் படங்கள் மட்டும் இல்லை. அவற்றை நான் 'டி' டிரைவில் தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுப்பது வழக்கமான ஃபோல்டர்களை மட்டும்தான், மற்றதை நாம்தான் சேர்க்க வேண்டும். எட்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் பேக்கப்பைத் திறந்து ஒரு படத்தைத் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய படம் ஒன்று, போன வாரப் படம் ஒன்று, இரண்டையும் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பதும் இல்லை. விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம், சினிமாப் படங்களும் பாட்டுகளும் மறுபடி இறக்கலாம். நீங்கள் எடுத்த படம், நீங்கள் எழுதியது, இறந்தவர்களின் குரல், பத்திரங்களின் ஸ்கேன், இவைதான் மறுபடி கிடைக்காதவை. பிரித்துப் பார்த்தால் பல வீடுகளில் அது 200 ஜிபிகூட வராது.

சத்தம் கேட்டுவிட்டதா?

கழற்றுங்கள். 'ஃபார்மட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள், அத்தையின் வெள்ளை அங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று ஒரு பாட்டி வைத்தியம் இணையத்தில் சுற்றுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் தட்டில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், மிச்ச உயிரும் போகும். சத்தம் இல்லாமல் மெதுவாகத் திறக்கிறது என்றால் மட்டும், மறுபடி கிடைக்காதவற்றை முதலில், கொஞ்சம் கொஞ்சமாக வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். டிக் டிக் சத்தம் என்றால் மீட்பு நிலையம்தான். செலவு சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். எஸ்எஸ்டியில் அழித்த ஃபைலை மீட்பது இன்னும் கடினம். அழித்த இடத்தை அது பெரும்பாலும் உடனே துடைத்துவிடும்.

அக்கா பெட்டியைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தார். கல்யாணப் படங்கள் அநேகமாக முழுதாக வந்தன. பிள்ளைகளின் படங்களில் பலவற்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். பெரியப்பாவின் பிறந்தநாள் வீடியோ நான்காவது நிமிடத்தில், அவர் கேக்கின் மேல் குனிகிற இடத்தில் நின்றுபோகிறது.

பிறகு ஜொகூரில் இருக்கும் மாமா தன் பழைய ஃபோனைக் குடைந்து பார்த்தார். அன்றைக்கே அக்கா குடும்ப வாட்ஸ்அப்பில் அந்த வீடியோவை அனுப்பியிருந்தாராம், அதில் முழுதும் இருந்தது. வாட்ஸ்அப் சுருக்கியதில் முகங்கள் மங்கல், பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி கட்டம் கட்டமாகத் தெரிகிறது. குரல் மட்டும் தெளிவாக இருக்கிறது. அந்த மங்கல் வீடியோ இப்போது அக்காவின் லேப்டாப்பில் இருக்கிறது, புது டிஸ்க்கில் இருக்கிறது, ஈசூனில் பெரியம்மாவின் பூஜை அலமாரிக்குக் கீழே பிஸ்கட் டின்னுக்குள் இன்னொரு டிஸ்க்கிலும் இருக்கிறது.